இறக்கம் பார்த்து நிற்கும் கார்

இன்று காலையும் அந்தக் கல்லில் கால் இடித்துக்கொண்டேன், அண்ணி. அதே இடது பெருவிரல். வலி பொறுக்காமல் ஒற்றைக்காலில் நின்று, "சனியன் புடிச்ச கல்லு, தூக்கிக் கெணத்துல போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று கத்தினேன். நீங்கள் இருந்திருந்தால் உள்ளேயிருந்தே குரல் வந்திருக்கும்: "கல்லு நடந்து வரலை கண்ணு. நீதான் போய் முட்டுன." இன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காரின் முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க நீங்கள் வைத்திருந்த கல். ஒரு பக்கம் சரிவாக உடைந்திருக்கும். அந்தச் சரிவு முழுக்க டயர் தேய்த்த கறுப்பு. போனவர்களின் புடவையை வைத்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வாய்த்தது இது. பீரோவில் வைக்கவும் முடியாது, தூக்கி எறியவும் மனசு வராது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்குப் போகத் தோன்றுகிறது. எல்லாம் உங்கள் நீலக் காரால் வந்தது. இத்தனை வருஷம் அதை ஓட்டினீர்களே, அதற்கு என்ன கோளாறு என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? தெரியாமலேதான் அத்தனையும் செய்தீர்களா? இரண்டில் எது என்றாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நீங்கள் இருந்தவரை அந்தக் காரைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற நாத்தனார் நீங்கள், வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், விடிவதற்கு முன் உங்கள் தம்பியை, என் வீட்டுக்காரரை, காரில் ஏற்றி, சேலத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவீர்கள். நான் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் தூங்கி விழுவேன். கார் கிளம்புமா என்ற கேள்வியே எழுந்ததில்லை. மார்கழிப் பனியில் முன்கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. ஆனாலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். "நர்ஸம்மா கைக்குக் கட்டுப்பட்ட வண்டி" என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. இரும்புக்கு என்ன கை தெரியும், கால் தெரியும்!

நீங்கள் போனது மழைக்காலம். அதற்குப் பிறகு வந்த முதல் காப்பிப் பருவத்தில்தான் வண்டி தன் குணத்தைக் காட்டியது. வீட்டு முன்னால் களம் நிறையக் காப்பிக்கொட்டை காயப் போட்டிருந்தோம். வழக்கம்போலக் காருக்கு இடமில்லை. வீட்டுக்கு மேல்பக்கம் ஏற்றத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் ஏற்றி நிறுத்தினேன். மறுநாள் செவ்வாய். சாவியைத் திருப்பினேன். பற்றிக்கொண்டது. உர்ரென்று ஒரு கணம் ஓடியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இருமி அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை திருப்பினாலும் சும்மா சுற்றுகிறதே தவிரப் பற்றவில்லை. பேட்டரி சோர்ந்து குரல் இறங்கிக்கொண்டே போனது. பக்கத்துச் சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உங்கள் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை. கடைசியில் என் அழுகையைப் பார்த்துப் பாவப்பட்டதுபோல் வண்டி ஒரு திருப்பில் கிளம்பியது.

வெள்ளிக்கிழமை ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த செவ்வாய் மறுபடியும் அதே கூத்து. அதற்கடுத்த இரண்டு முறையும் சமர்த்தாகக் கிளம்பியது. தினமும் கிளம்பாத வண்டி என்றால் தலை முழுகிவிட்டு டாக்ஸிக்குச் சொல்லிவிடலாம். இது அப்படியில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்தது. நீங்கள் இருந்த வருஷங்களில் தூங்கி விழுந்த நான், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் முந்தின நாள் படுக்கையில் கண்ணை மூட முடியாமல் கிடந்தேன்.

டாக்ஸியும் பார்த்தோம். டவுனிலிருந்து தலைச்சோலைப் பக்கம் அந்த நேரத்துக்கு, அதுவும் பனியில் ஏறி வர ஆள் கிடைப்பதில்லை. வருகிறேன் என்று சொன்னவர் போனை அணைத்து வைத்துவிடுகிறார். பஸ்ஸில் ஏற்றினால் கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் தம்பிக்கு வாந்தி. அவர் இறங்கும்போது பார்க்க வேண்டுமே, இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்பார்.

டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாதேஸைத் தெரியும் அல்லவா, "நர்ஸம்மா" என்று உங்களிடம் ஊசி போட்டுக்கொள்ள அழுதவர்? இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. காரைக் கொண்டுபோய் அவர் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டேன். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். சோக் கேபிளை மாற்றினார். ராத்திரி அங்கேயே நிறுத்திக் காலையில் கிளப்பிப் பார்த்தார். தொட்டதும் கிளம்பியது.

"ஏனுங்க்கா, வண்டில ஒரு கொறையும் இல்லீங்க. நம்மூருப் பனி அப்படிங்க. வயசான வண்டி, மனுசனாட்டமேதான், காலைல கை கால் வெறைச்சுக்குது" என்றார்.

"பனி இந்த வருசந்தான் புதுசா வந்துச்சா மாதேசு? போன வருசமெல்லாம் இங்க வெயிலா அடிச்சுது?"

"அப்ப நர்ஸம்மா ஓட்டுனாங்க. அவுங்க கை வேறீங்க."

பாருங்கள், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டர் முன்னால் போய் நின்றதும் நின்றுபோகிற வயிற்றுவலி மாதிரி, மாதேஸ் முன்னால் மட்டும் அந்த வண்டிக்கு ஒரு நோயும் இல்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு செவ்வாய். அன்று அது கிளம்பவே இல்லை. காப்பி பறிக்க வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து தள்ளி, மூச்சு வாங்கி, ஒருவழியாக உயிர் வந்து நாங்கள் சேலம் போய்ச் சேர்ந்தபோது, அவருடைய கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாளும் இடமில்லை. வியாழக்கிழமைக்குள் பாதம் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தார். அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயந்துபோனேன் அண்ணி. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பெங்களூரிலிருந்து ஜோயல் ஓடி வந்தான். உங்களை மாதிரியேதான், எதையும் சத்தம் போடாமல் சொல்வான்.

"அம்மா, இந்தக் காரை நம்பி அப்பாவை இங்க வெச்சிருக்க முடியாது. சேலத்துல ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்துட்டேன். பருவம் முடிஞ்சதும் கீழ இறங்கிடுங்க."

அவன் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? நானும் தலையை ஆட்டினேன். உங்கள் தம்பி எழுந்துபோய் மிளகுக் கொடியைத் தடவிக்கொண்டு நின்றார். பின்னாலேயே போனேன். "எறங்குனா திரும்பி ஏற மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா. இங்கன்னா ஒரு செவ்வாய் போனா அடுத்த வெள்ளி வரும்னு ஒரு நெனப்பு. அங்க ஜன்னலைத் தொறந்தா ஆஸ்பத்திரிதான் தெரியும்" என்றார். அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

அன்றைக்கே முடிவு செய்தேன். பனி, வயசு, உங்கள் கைராசி, எதையும் ஒத்துக்கொள்வதாக இல்லை. காரணம் இல்லாமல் ஒரு இரும்பு எப்படி ஒரு நாள் கிளம்பி ஒரு நாள் படுத்துக்கொள்ளும்?

யோசிக்க யோசிக்க ஒன்று பிடிபட்டது. காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிய நாட்களில் கார் களத்தில் நிற்கும். அப்போது மறுநாள் கிளம்புகிறது. களத்தில் இடமில்லாமல் மரத்தடிக்குப் போன நாட்களில்தான் வம்பு. கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். மரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பானெட்டில் விழுகிறது, உள்ளே ஒயரெல்லாம் நனைகிறது, அதுதான் காரணம்! பழைய தார்ப்பாயை மடித்துப் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு கட்டினேன். உங்கள் தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்து, "கன்னுக்குட்டிக்குக் குளிருதா?" என்று கேலி செய்தார். காலையில் தார்ப்பாயை எடுத்தேன். பானெட் காய்ந்து கிடந்தது. வண்டி இருமியது, அடங்கியது. அப்படியே ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். நல்லவேளை, அன்று போக வேண்டிய நாள் இல்லை.

அந்த வாரம் வெள்ளக்கடையிலிருந்து மிளகு பறிக்க ஆட்கள் வந்தார்கள். ஏணி ஏற்றி வந்த ஜீப்பை ஏற்றத்துக்கு நடுவே நிறுத்திவிட்டு டிரைவர் சாப்பிடப் போய்விட்டார். சேலத்திலிருந்து அலுத்துப்போய் வந்த எனக்கு எரிச்சல். உங்கள் தம்பியை வாசலில் இறக்கிவிட்டு, தோட்டத்தைச் சுற்றி மேல் கேட் வழியாக நுழைந்து மேலிருந்து இறங்கி வந்து, மரத்தடியில் முகம் கீழே பார்த்தபடி நிறுத்தினேன். இறக்கம் ஆயிற்றே, ஓடிவிடக் கூடாது என்று உங்கள் கல்லைத் தேடினேன். இத்தனை நாளும் அதைப் பின்சக்கரத்துக்குக் கீழேதான் வைத்துக்கொண்டிருந்தேன். வைத்தால் நேராக உட்காராது, ஆடும். நாலு தடவை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

அன்று அதைத் தூக்கி முன்சக்கரத்துக்கு முன்னால் போட்டேன். போட்ட வேகத்தில் தடக்கென்று இறங்கி உட்கார்ந்தது. ஆடவில்லை, அசையவில்லை. குனிந்து இலைச் சருகைத் தள்ளிப் பார்த்தேன். அந்தக் கல்லின் அளவுக்கே மண்ணில் ஒரு குழி இருந்தது.

அண்ணி, அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை. விரலால் அந்தக் குழியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தேன். மறுநாள் விடிகாலை, அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான பனி. மரம் மழைபோல் சொட்டியது. தார்ப்பாயும் இல்லை. சும்மா திருப்பித்தான் பார்த்தேன். முதல் திருப்பில் கிளம்பி, நிற்காமல் ஓடியது.

அப்போதுதான் நீங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தீர்கள். காப்பிப் பருவத்தில் சேலத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் உங்கள் சர்க்கஸ் நடக்குமே! தம்பி பாதி உயிராக உட்கார்ந்திருப்பார். நேராக ஏற்றி நிறுத்திவிட்டு அவரை உள்ளே கூட்டிப் போனால் என்ன? மாட்டீர்கள். கீழேயே காரைத் திருப்புவீர்கள். பிறகு கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்துக்கொண்டு, கிளட்ச் வாடை அடிக்க, அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கி ஏற்றுவீர்கள். நான் கத்துவேன்: "ஏனுங்கண்ணி, மனுசன் தவிச்சுப்போய் உக்காந்திருக்காரு. நேரா ஏத்தி உடுங்களேன்!" திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே பதில்தான். "வந்தது வந்தாச்சு கண்ணு. நாளைக்குப் போகோணும்ல." நான் கத்தியது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகு எனக்குப் பித்துப் பிடித்தது. சேலத்துக்குப் போக வேண்டாத நாட்களாகப் பார்த்து, ஒரு நாள் முகம் மேலே, ஒரு நாள் முகம் கீழே என்று மாற்றி மாற்றி நிறுத்தினேன். மேலே பார்த்து நின்றால் படுத்துக்கொண்டது. கீழே பார்த்து நின்றால் கிளம்பியது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. "ஏம்மா, மாட்டை மாத்திக் கட்டற மாதிரி அதை ஏன் இங்கயும் அங்கயும் கட்டிட்டிருக்கற?" என்று கேட்டார் உங்கள் தம்பி. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அக்கா கடைசி வரைக்கும் திருப்பித்தான் நிறுத்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

மாதேஸிடம் போய் நின்றேன். தலையைச் சொறிந்தார், அண்ணாந்து பார்த்தார், பிறகு தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார்.

"அட, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க்கா!"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே உனக்குச் சொல்ல."

"பெட்ரோல் டேங்கு பின்னால இருக்குதுங்க. அதை முன்னால இழுத்துக் குடுக்கற பம்புக்குள்ள குட்டியா ஒரு வால்வு. ஏறுன பெட்ரோலு திரும்பிப் போகாம புடிச்சு வெக்கோணும். அது தேஞ்சிருச்சாட்ட இருக்குது. மூஞ்சி மேல இருந்தா ராத்திரியோட எல்லாம் டேங்குக்கே எறங்கிப் போயிருது. மூஞ்சி கீழ இருந்தா எங்க போகும்? நம்ம ஷெட்டு சமதளம், இது எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காதுங்க."

காப்பி காய்கிற மாதமும் பனி கொட்டுகிற மாதமும் ஒன்றாகவே வருவதால், பாவம், பனியின் மேல் பழி விழுந்தது. பனி சும்மா பக்கத்தில் நின்ற ஆள். அந்த வால்வு தேய ஆரம்பித்து எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் நேற்று இன்று தேய்ந்ததில்லை என்றார் மாதேஸ். அப்படியென்றால் நீங்கள் ஓட்டியபோதே அது கெட்டுத்தான் இருந்திருக்கிறது. நீங்கள் அதற்குக் கெட்டுப்போக ஒரு சந்தர்ப்பமும் கொடுக்கவில்லை.

பம்பை மாற்றிய வாரக் கடைசியில் ஜோயலை வரச் சொன்னேன். சேலத்து வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் எண்ணத்தோடுதான் வந்தான். வேண்டுமென்றே காரை மரத்தடியில் முகம் மேலே பார்க்க நிறுத்தினேன். காலையில் சாவியை அவன் கையில் கொடுத்தேன். திருப்பினான். கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினான். கிளம்பியது. அவன் இறங்காமல் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"சரிம்மா, இருங்க. ஆனா ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்கு ஒளிக்கக் கூடாது" என்றான்.

உங்கள் தம்பி அன்று காலை இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்போது ஒன்றும் தொந்தரவு இல்லை. எப்படி நிறுத்தினாலும் கிளம்புகிறது. எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. காலையில் காப்பியோடு உங்களை எழுப்ப வந்தேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைய ஜனம். "நான் இன்னிக்குப் போகலை, அக்காவை இப்படிப் போட்டுட்டு எப்படிப் போறது" என்று உங்கள் தம்பி சுவரில் சாய்ந்து அழுதார். நான்தான் பிடிவாதமாக அவரைக் காரில் ஏற்றினேன். டவுனைத் தாண்டி நான் கார் ஓட்டியதே இல்லை. அந்தக் கூட்டத்தில் பின்னால் எடுக்கவோ திருப்பவோ வேண்டியிருந்தால் என்னால் முடிந்தே இருக்காது, போகாமலே இருந்திருப்போம். ஆனால் களத்தில் கார் சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை வந்ததும் நீங்கள் திருப்பி நிறுத்தியது. ஜனம் விலகி வழி விட்டது. நேராக ஓட்டிக்கொண்டு போனேன். டயாலிசிஸ் முடித்து வந்து, மாலையில் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். உங்களை வீட்டில் கிடத்திவிட்டுப் போனோமே என்று பேசினவர்கள் பேசினார்கள். நீங்கள் பேசியிருக்க மாட்டீர்கள். அன்றைக்கும் எங்களை அனுப்பி வைத்தது நீங்கள்தானே அண்ணி?

போன செவ்வாய் சேலத்திலிருந்து வந்தோம். களத்தில் கடைசிக் காப்பி காய்கிறது. அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஏற்றத்தடியில் நிறுத்தினேன். நேராக ஏற்றத்தான் நினைத்தேன். கை கேட்கவில்லை. காரைத் திருப்பி, கழுத்தை ஒடித்துக்கொண்டு, பின்னால் ஏற்ற ஆரம்பித்தேன். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. இரண்டு முறை அணைந்துபோனது. கிளட்ச் வாடை குப்பென்று அடித்தது.

"ஏம்மா, அதான் பம்பை மாத்தியாச்சே. நேரா ஏத்து, முடியலை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"வந்தது வந்தாச்சு. நாளைக்குப் போகோணும்ல."

என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு எங்க? வெள்ளிக்கிழமைதானே போறோம்."

"எங்கயாச்சும் போவோம். நீங்க கல்லுக்குழியைப் பாத்துக் குரல் குடுங்க, எனக்குப் பின்னால ஒண்ணும் தெரியலை."

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்றார். இறங்கிப் போய்க் கல்லை எடுத்து வைத்தேன். அது தன் குழியில் உட்கார்ந்தது.